ஒளித்து வைத்த பூட்ஸ்

டயகமத் தாய்மாரே, தகப்பன்மாரே,

போன ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கண்டதை மனசு விடவில்லை. பதினாலு வயதுப் பையன் ஒருவன் பந்தோடு ஓடுகிறான். மூன்று பேர் மறிக்கிறார்கள். ஒருவனைத் தோளால் விலக்கி, அடுத்தவனின் கால்களுக்கு நடுவே பந்தைத் தட்டிவிட்டு, சேற்றில் சறுக்கியும் விழாமல் போய்க்கொண்டே இருக்கிறான். அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். எல்லார் முன்னாலும் காதைப் பிடித்தார். "மாடு மாதிரி வளந்திருக்கே, வெறகுக்குப் போடா" என்று இழுத்துக்கொண்டு போனார்.

அண்ணே, அக்கா, பிள்ளை உடம்பில் பலம் ஏறினால் நம் கண்ணுக்கு ஏன் விறகுக் கட்டும் கொழும்புக் கடை மூட்டையும் மட்டும் தெரிகிறது? ஓ.எல். எழுதுவதற்கு முன்பே "கடைக்கு ஆள் கேக்குறாங்க" என்று பஸ் ஏற்றி விடுகிறோம். அந்தக் கடை முதலாளி வாங்குவதும் அதே பலத்தைத்தானே?

கிரிக்கெட் வீரர் முரளிதரன் பெயரை எடுத்தால் உங்கள் பதில் எனக்குத் தெரியும். "அவங்க பிஸ்கட் கம்பனிக்காரங்க, நாம லயத்துக்காரங்க." அவருடைய தாத்தாவும் தேயிலைத் தோட்டத்துக்கென்று கடல் கடந்து வந்தவர்தான். போகட்டும், அவரை விடுவோம். லயத்தை விட மேலான வாழ்வு எதுவும் இல்லாத வீட்டில் பிறந்த ஒருவரைச் சொல்கிறேன். நீங்கள் எல்லாரும் பார்த்த முகம் அது. 'திமிரு' படத்தில் நம்மைப் பயமுறுத்திய வில்லன். 'பிகில்' படத்திலும் வருவார். பெயர் ஐ. எம். விஜயன்.

1969இல் கேரளத்துத் திருச்சூரில் பிறந்தவர். சிறுவயதில் அந்த ஊர் ஸ்டேடியத்தில் ஆட்டம் நடக்கும்போது சோடா விற்றார், போத்தலுக்குப் பத்துப் பைசா. விற்றுக்கொண்டே ஆட்டத்தையும் பார்த்தார். வறுமையில் பள்ளிப் படிப்பு நின்றது, ஆனால் பந்து நிற்கவில்லை. பதினேழு வயதில் கேரள பொலிஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. பந்துதான் அவருக்கு அரசாங்க வேலை கொடுத்தது. இதை இரண்டு தரம் வாசியுங்கள். 1990இல், சோடா விற்ற அதே திருச்சூரில், அந்த அணி பெடரேஷன் கிண்ணத்தை வென்றபோது அவரும் அதில் ஆடினார். அடுத்த வருடம் கல்கத்தாவின் மோகன் பகான் அணிக்குப் போனார். பிறகு இந்திய அணியின் தலைவர். 1999இல் காத்மாண்டுவில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில், பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிப் பன்னிரண்டாவது விநாடியில் கோல் போட்டார். எதிரணி மூச்சு விடவே அவ்வளவு நேரம் ஆகும். பொலிஸ் அதிகாரியாக ஓய்வு பெற்ற 2025ஆம் வருடமே பத்மஸ்ரீ விருதும் வந்தது.

அவரைக் 'கறுத்த மான்' என்றார்கள். மறிப்பவர்களைப் பிளந்துகொண்டு போகும் வேகம் அப்படி. ஆனால் மைதானத்துக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் சொல்வது அவருடைய சிரிப்பையும் அடக்கத்தையும்தான். நாம் "முரடன், அடங்காதவன்" என்று பிரம்பெடுக்கிறோமே, அந்த முரட்டுத்தனம் ஓட ஒரு மைதானம் கிடைத்தால் வீட்டுக்கு வருவது சாதுவான பிள்ளை. மைதானத்தை மறித்துவிட்டால் அது எங்கே போய் முட்டும் என்று பெரட்டுக்களத்தில் இரவில் கூடும் இளந்தாரிகளைப் பார்த்தால் தெரியும்.

எல்லாப் பிள்ளையும் விஜயன் ஆகாது. அப்படி நான் சொல்லவுமில்லை. அவருக்கு நின்றுபோன படிப்பு நம் பிள்ளைகளுக்கு நிற்கவும் கூடாது. நம் நாட்டில் இராணுவத்துக்கும் கடற்படைக்கும் விமானப்படைக்கும் பொலிசுக்கும் சொந்த உதைபந்தாட்ட அணிகள் இருக்கின்றன. ஏ.எல். சித்தியடைந்து, விளையாட்டில் அசாதாரணமாகச் சாதித்தவர்களைப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கும் விசேட வழியும் உண்டு. இந்தக் கதவுகள் பள்ளியை விட்டு இறங்கிய பிள்ளைக்கு எளிதில் திறக்காது. பின்னேரம் ஆட்டம் உண்டு என்பதற்காகவே காலையில் பள்ளிக்குப் போகிற பையன்கள் நம் லயத்திலேயே இருக்கிறார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தை ஏன் பறிக்கிறீர்கள்?

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களே, உங்களிடம் எனக்கு இன்னும் கோபம். "வயசுக்கு வந்தவளுக்கு என்ன பந்து?" என்று கேட்கிறீர்கள். இந்துமதி கதிரேசன் என்ற தமிழ்நாட்டுப் பெண் இந்திய மகளிர் அணியின் நடுக்களத்தில் ஆடியவர், பொலிஸ் சப்-இன்ஸ்பெக்டரும் கூட. கொரோனாக் காலத்தில் சென்னைத் தெருவில் கடமையில் நின்றார். மலையில் பாரம் சுமந்து ஏறி இறங்கும் நம் அம்மாமாரின் கால்களை விடவா உறுதியான கால்கள் அவருக்கு? அந்தக் கால்கள் நம் மகள்மாருக்கும் இறங்கியிருக்கின்றன. அவற்றைக் கொழுந்து மலைக்கென்று மட்டும் எழுதி வைக்காதீர்கள்.

இவ்வளவும் பேசுகிற நான் செய்ததையும் சொல்ல வேண்டும். போன வருடம் மூத்தவன் கணக்கில் குறைந்த புள்ளி எடுத்தான் என்று அவன் பூட்ஸை அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். புள்ளி கூடவில்லை. பேச்சு குறைந்தது. கேட்டால் தலையாட்டுவான், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனின் காதைப் பிடித்த கையைக் கண்டதும் வீட்டுக்கு வந்து பூட்ஸை எடுத்துக் கொடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல் போட்டுப் பார்த்தான். விரல் மடங்கியது, குதிகால் உள்ளே போகவில்லை. "பரவால்லம்மா" என்றான்.