கேமரா படிக்கட்டும், முடிவு ஓட்டுநருடையது

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் பதிவாகும் புதிய கார்களில் வேக உதவி வசதி கட்டாயம். முன்கண்ணாடியின் உள்ளே பொருத்திய கேமரா, சாலையோரப் பலகையின் சிவப்பு வளையத்துக்குள் இருக்கும் எண்ணைப் படிக்கிறது. பல கார்களில் வரைபடத் தகவலும் துணைக்கு வருகிறது. வரம்பைத் தாண்டினால் ‘பீப்’ சத்தமோ ஆக்ஸிலரேட்டரில் எதிர் அழுத்தமோ ஓட்டுநரை எச்சரிக்கும். இது நச்சரிப்பு என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். அலுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. நெடுஞ்சாலையில் 120இல் நேராகப் போகிற காருக்கு, பக்கத்தில் பிரிகிற பாதையின் 60 பலகை கண்ணில் பட்டுவிடும். லாரியின் பின்பக்கம் ஒட்டிய 80 ஸ்டிக்கரைக்கூடச் சில கேமராக்கள் பலகையாக எடுத்துக்கொள்ளும். 2020இல் அமெரிக்காவின் மெக்காஃபி ஆய்வாளர்கள் 35 மைல் பலகையில் 3இன் நடுக்கோட்டைத் துண்டு கறுப்பு டேப்பால் நீட்டினார்கள். 2016ஆம் ஆண்டுத் தயாரிப்பான டெஸ்லா கார் ஒன்று அதை 85 என்று படித்து வேகமெடுத்தது. அதற்காக இந்த வசதியே வேண்டாம் என்பது அவசர முடிவு. ஒன்றியத்தின் விதி ஓட்டுநரின் காலுக்கே கடைசி அதிகாரம் தருகிறது. வசதியை அணைக்கலாம், ஆனால் அடுத்த முறை வண்டியை எடுக்கும்போது அது தானாக விழித்துக்கொள்ளும். இந்த ஏற்பாடு சரியானது. கேமரா எச்சரிக்கட்டும், பலகையை மட்டும் நம்பி வேகத்தைக் கூட்டும் உரிமையை அதற்குத் தரக்கூடாது. பலகையை மறைக்கும் கிளையை வெட்டுவதும், மங்கிய எண்ணை மாற்றுவதும் இனி வாகனப் பாதுகாப்பில் சேர்த்திதான். அதைச் செய்யாத சாலைத் துறைகளுக்குக் கார் நிறுவனங்களைக் குறைசொல்லத் தகுதியில்லை.