லைன் வீட்டையும் கணக்கில் எடுங்கள்

கோலார் தங்கவயலில் தங்கம் பிரித்தபின் கொட்டிய மண், அந்தச் சயனைட் மேடுகளுக்கு மறுபடி மதிப்பு வந்திருக்கிறது. 13 மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-ல் சம்மதம் கொடுத்தது. நல்லது. அந்த மண்ணை வெட்டிக் கொண்டுவந்தவர்கள் குடியிருந்த வீடுகளைப் பற்றியும் யாராவது பேச வேண்டாமா?

நான் இருப்பது தளியில். பிழைப்பு ஓசூரில். பூர்வீகம் கேட்டால் தங்கவயல் சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கத்தின் லைன் வீடு, தொழிலாளர்களுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிய வீடு, என்றுதான் சொல்வேன். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தொடங்கிய பிறகு வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கமிருந்து போன ஏழைக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. போனவர்களில் பெரும்பாலோர் ஊரில் சேரிக்குள் ஒதுக்கப்பட்டிருந்தவர்கள். சுரங்கக் கூலி அவர்கள் கையில் காசைக் கொடுத்தது. பௌத்த சங்கமும் பள்ளிக்கூடமும் பத்திரிகையும் அந்த லைன்களிலிருந்தே கிளம்பின.

வீடென்றால் ஒரே அறை. முதலில் மூங்கில் தட்டிச் சுவரும் தகரக் கூரையும்தான்; செங்கல் பிறகு வந்தது. தாத்தா நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால் பிள்ளைகள் வெளியே போய்விட வேண்டும். கீழே பாறை வெடித்தால் மேலே அலமாரியில் ஏனங்கள் அதிரும். ஆயா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவாராம். லைன் முழுக்கப் பெண்கள் நிற்பார்களாம், எந்த ஷாப்ட் என்று தெரியும்வரை.

1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த ஊர் அது. இயந்திரங்கள் ஓடின, துரைமார் பங்களாக்களில் விளக்கு எரிந்தது. ஆயா சிம்னி விளக்கில்தான் சமைத்தார். வீடு கம்பெனியுடையது, வேலை இருக்கும்வரைதான் நமக்கு. அதனால்தான் தாத்தாவுக்குப் பின் மாமாவும் குழிக்குள் இறங்கினார். ஒரு கூரையைக் காப்பாற்ற ஒரு தலைமுறை பாறைத் தூசிக்கு நுரையீரலைக் கொடுத்தது. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியது. தங்கவயலின் மாரிக்குப்பம் ஸ்டேஷனிலிருந்து பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் இன்றும் அந்த அறைகளில்தான் தூங்குகிறார்கள்.

பார்க்க வருகிறவர்கள் பங்களாக்களையும் கிளப்பையும் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். பாரம்பரியம் என்றால் கூரை உயரமாக இருக்க வேண்டும் போலிருக்கிறது. லைன் வீடுகளோ ஒவ்வொன்றாகச் சரிகின்றன. இங்கே ஓசூர்ப் பக்கம் ஒடிசா, பீகார் பையன்கள் தகர ஷெட்டில் ஷிப்ட் மாற்றிப் படுத்துக் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்குத் தாத்தா வீட்டு நினைப்புதான் வருகிறது. அந்த வீடு எப்படி இருந்தது என்று காட்ட ஒன்றாவது மிஞ்ச வேண்டும்.

மேட்டு மண்ணிலிருந்து வரும் பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்: குடியிருக்கும் குடும்பங்களுக்கு மனையோடு பட்டா, சாம்பியன் ரீஃப்ஸில் ஒரு முழு லைனை, தட்டிச் சுவர் வீடு ஒன்றும் சேர்த்து, அருங்காட்சியகமாகக் கட்டிக் காக்க நிதி. அதை நடத்துகிற வேலையை அந்த லைன்களில் பிறந்த பிள்ளைகளுக்கே சம்பளத்தோடு கொடுங்கள்.