குடியுரிமை வந்தது, பாஸ்போர்ட் வரவில்லை

கீழப்பாவூர், பாவூர்சத்திரம், சுரண்டை என்று நம் பக்கத்தில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிற வீடுகள் பெருகிவிட்டன. ‘மகனுக்கு சிட்டிசன்ஷிப் கிடைத்துவிட்டது’ என்று பெற்றோர் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். அத்தோடு நில்லாமல், ‘அடுத்த வாரம் கோயில் கொடைக்கு வருகிறான்’ என்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் அன்றே கிரீன் கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பதிலுக்கு ஒரு சான்றிதழ் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது. அதைக் காட்டி அமெரிக்க பாஸ்போர்ட் வாங்க வேண்டும். அது வந்த பிறகுதான் இந்திய விசாவோ ஓ.சி.ஐ. அட்டையோ கேட்கலாம்.

‘பழைய இந்திய பாஸ்போர்ட்டில் இன்னும் ஐந்து வருஷம் பாக்கி இருக்கிறதே, யார் பார்க்கப் போகிறார்கள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. 1955ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம், 9ஆம் பிரிவு, தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடிமகன் அல்ல என்கிறது. பாஸ்போர்ட்டில் எந்தத் தேதி அச்சிட்டிருந்தாலும் அதை ஒப்படைத்துவிட வேண்டும். அதில் பயணம் செய்தால் அபராதம் உண்டு. எப்படியோ வந்து சேர்ந்தாலும், கிரீன் கார்டு இல்லாமல் திரும்பிப் போவது எப்படி?

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுப்பவர் பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுக்காதவர் இந்தியரானார். ஒரே தெருவில் இரண்டு நாட்டுக்காரர்கள்! பிறந்த ஊர் மாறாது. நாம் எந்த அரசாங்கத்தின் ஆள் என்பது மட்டும் ஒரு தேதியில் மாறிவிடும். பிறகு அரசாங்க ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த காலத்திலும் இதையேதான் பார்த்தேன். உரிமை ஒரு நாளில் வந்துவிடும், அதற்கான தாள் மெதுவாகத்தான் வரும்.

தகப்பனுக்கு ஒன்று என்றால்கூட வர முடியாதா என்று கேட்பீர்கள். வழி இருக்கிறது. நெருங்கிய உறவினர் இறந்தாலோ உயிருக்குப் போராடினாலோ அமெரிக்காவில் அவசர பாஸ்போர்ட் தருகிறார்கள். இந்தியத் தூதரகத்திலும் அவசர விசா கேட்கலாம். ஆனால் அதற்கும் சில நாள் ஓடிவிடும். நம் ஊரில் அதுவரை யார் காத்திருப்பார்கள்? கொள்ளி வைக்க வேண்டியவன் போனில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே என் கருத்து இது. கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதுபோல உறுதிமொழிக்கும் வீட்டு நிலைமையைப் பார்த்து நாள் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் பெரியவர் படுத்த படுக்கையாக இருந்தால் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி எழுதிக் கேட்கலாம். உறுதிமொழி எடுக்கும்வரை இந்திய பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் செல்லும். வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

பிள்ளைகள் வேலை மும்முரத்தில் இதை யோசிக்க மாட்டார்கள். நம் உடம்பு எப்படி இருக்கிறது என்று நாமும் அவர்களிடம் சொல்வதில்லை. ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று மறைக்காமல், உள்ளதைச் சொல்லுங்கள். உறுதிமொழி என்றைக்கு என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.