கள்ளியும் கற்றாழையும்

தாவரங்களுள் மக்களாற் போற்றப்படுவன சில, தூற்றப்படுவன சில. தாமரையும் முல்லையும் போற்றப்படும் இனத்தைச் சேர்ந்தன. கள்ளியோ தூற்றப்படும் இனத்திற்குத் தலைமை பூண்டு நிற்பது. ஒன்றுக்கும் உதவாத நிலத்தைக் ‘கள்ளிக்காடு’ என்று கூறி முகஞ்சுளிக்கின்றோம். இவ்விகழ்ச்சி தகுதியுடையதன்று என்பதும், வெம்மை மிக்க நம் கொங்கு நாட்டில் வீட்டு முற்றத்திலும் வேலியிலும் கல்லூரித் தோட்டத்திலும் கள்ளி, கற்றாழை முதலிய சதைப்பற்றுள்ள செடிகளுக்கே முதலிடம் தரல் வேண்டும் என்பதுமே யாம் இக்கட்டுரையிற் கூற விழைவன.

முதற்கண் நம் நிலத்தின் இயல்பை நோக்குவோம். எம்மூராகிய சோமனூரும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் மலை மறைவில் அமைந்தவை. தென்மேற்குப் பருவக்காற்றுக் கொணரும் நீரை மேற்குமலைத்தொடர் மலையாள நாட்டின் பக்கமே கறந்துகொள்கின்றது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு எஞ்சுவது பெரும்பாலும் காற்றேயாம். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்து ஓய்ந்துவிடும். தை பிறந்தபின் சித்திரை முடியுமளவும் நிலம் வானத்தையே நோக்கிக் கிடக்கும். ஊருக்குத் தெற்கே செல்லும் நொய்யலாறு ஆண்டின் பல திங்கள்களில் ஆறென்னும் பெயரை மட்டும் தாங்கி நிற்பது. இத்தகைய நிலத்திலே புல்தரையும் ரோஜாவும் குரோட்டன்சும் வைத்து, லாரியில் விலைகொடுத்து வாங்கிய நீரை அவற்றிற்கு ஊற்றி, கத்திரி வெயிலில் அவை கருகக் கண்டு வருந்துகின்றோம். குற்றம் வெயிலுடையதன்று, நிலத்தோடு பொருந்தாத செடியைத் தேர்ந்தெடுத்த நம்முடையதே.

‘அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, 1045 குளங்குட்டைகளுக்குப் பவானியின் உபரிநீர் வந்துகொண்டிருக்க, இனி நமக்குக் கள்ளி எதற்கு?’ என்று வினவுவார் உளர். அந்நீர் மேட்டு நிலத்திற்கு இயந்திரங்களால் ஏற்றப்பட்டு வரும் நீர். நிலத்தடி ஊற்றுக்கும் கால்நடைக்கும் உழவுக்கும் உரியது. பல ஆண்டுகள் பலர் வேண்டிப் பெற்ற நீரை அலங்காரப் புல்லுக்கு இறைத்தல் முறையாகாது. நீர் வந்தபின்னரும் நீரைச் சிக்கனமாய் ஆளுதலே அறிவுடைமை.

நம் முன்னோர் இச்செடிகளை நன்கறிந்திருந்தனர். பாலைத்திணைச் செய்யுட்களிலே கள்ளி இடம்பெறுமாறு காண்க. முற்றிய கள்ளிக்காய் வெயிலில் வெடிக்கும் ஓசை கேட்டுத் துணையொடு தங்கிய புறா அஞ்சிப் பறப்பதைக் குறுந்தொகைப் பாட்டொன்று காட்டுகின்றது. கள்ளியின் கனி உலர்ந்து தெறித்து விதையைச் சிதறும் இயல்பை இன்றைய தாவர நூலாரும் எழுதுவர். புலவர் நேரிற் கண்டு பாடினாரேயன்றிக் கற்பனையாற் பாடிற்றிலர். தொல்காப்பியர் நிலம் வகுத்தபோது பாலைக்குத் தனிநிலம் கூறவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தவழிப் பாலை தோன்றும் எனச் சிலப்பதிகாரம் கூறும். ஆதலின் பாலை என்பது எங்கோ தொலைவிலுள்ள தேசமன்று. ஆண்டுதோறும் பங்குனி சித்திரையில் நம் வாயிலுக்கு வந்து நிற்பதே. அக்காலத்தும் பசுமை மாறாது நிற்பதனைப் பழித்தல் நன்றி மறத்தலை ஒக்கும்.

நிற்க. இச்செடிகள் வறட்சியை வெல்லுமாறு எங்ஙனம்? கள்ளி தன் இலையைச் சுருக்கித் தண்டையே பச்சையாக்கி, உணவாக்கும் தொழிலை அதனிடம் ஒப்படைத்தது. தோலின்மேல் மெழுகு பூசி ஆவியைத் தடுத்தது. மழைக்காலத்தில் உண்ட நீரைச் சதையிலே சேமித்தது. எகிப்து தேசத்தில் ஏழாண்டு விளைவைச் சேர்த்து ஏழாண்டுப் பஞ்சத்தைக் கடத்திய யோசேப்பின் மதிநுட்பம் இச்செடியின் இயற்கையாக அமைந்துள்ளது. இவற்றினும் வியப்புடையது ஒன்றுண்டு. ஏனைய செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவைக் கொள்ளுங்கால் நீரை மிகுதியும் இழக்கின்றன. இவையோ பகலில் துளைகளை அடைத்துக்கொண்டு, குளிர்ந்த இரவிலே திறந்து, கொண்ட வாயுவைப் புளிப்புப் பொருளாக்கி வைத்து, மறுநாள் கதிரொளியில் அதனை உணவாக்குகின்றன. ஒரு பங்கு உலர்பொருளை ஆக்குதற்கு நெல் போன்ற செடிகள் 400 முதல் 500 பங்கு நீரைச் செலவிட, இவை 50 முதல் 100 பங்களவிலே அமைகின்றன.

இவ்வுண்மையின் முதற்சுவட்டைக் கண்டவருள் ஒருவர் நம் தமிழ்நாட்டிற்கு வந்த மிஷனரி என்பது மிஷன் கல்லூரி மாணாக்கராகிய நாம் அறிந்து மகிழத்தக்கது. தரங்கம்பாடிக்கு மொராவிய சபையின் ஊழியராக வந்து, பின்பு கும்பினியாரிடம் தாவர ஆராய்ச்சியாளராய் அமர்ந்த பெஞ்சமின் ஹெய்னே என்பார், இந்நாட்டுத் தோட்டங்களில் வளர்ந்த ரணகள்ளியின் இலையைச் சுவைத்துப் பார்த்தார். அவ்விலை காலையிற் புளித்தது; நண்பகலிற் சுவையின்றி இருந்தது; மாலையிற் சிறிது கசந்தது. இதனை அவர் எழுதியனுப்ப, 1815ஆம் ஆண்டில் இலண்டன் லின்னேயன் சங்கத்தார் அச்சிட்டனர். நாவொன்றையே கருவியாகக் கொண்டு கண்ட அவ்வுண்மையின் காரணத்தை அறிஞர் முழுதும் விளக்குதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் ஆயிற்று. அதே தரங்கம்பாடிக்கு 1776இல் வந்த ராட்லர் ஐயர் செடிகளையும் தொகுத்தார். தமிழ்ச் சொற்களையும் தொகுத்து அகராதி செய்தார். மொழி கற்பார்க்குச் செடி வேண்டா என்பது அப்பெரியோர் கொள்கையன்று. திருகுகள்ளிக்கு உலகறிந்த விஞ்ஞானப் பெயரிலேயே ‘திருகள்ளி’ என்னும் நம்மவர் சொல் நின்று நிலவுகின்றது. மலபாரில் வழங்கிய அப்பெயரை 1753இல் லின்னேயசு தம் நூலில் ஏற்றார்.

இனி வளர்க்கத் தக்கன எவை, தகாதன எவை என்று ஆராய்வோம். சிறு கிண்ணங்களில் தாமரை மலர்போல் இதழ் அடுக்கிய எச்செவேரியா முதலிய செடிகள் இந்நாளில் கடைதோறும் விற்கப்படுகின்றன. காண்பதற்கு அழகியன, ஆனால் மெக்சிகோவின் உயர்ந்த மலைகளிலே குளிர்ந்த இரவுகளுக்குப் பழகியவை. உதகையிலோ கோத்தகிரியிலோ அவை செழிக்கும். நம்மூரில் மே மாதத்து இரவும் வெப்பந் தணியாமையால், இரவில் மூச்சுவிடும் இச்செடிகள் இளைத்து, ஊற்றிய நீரிலேயே அழுகிவிடும். சதைப்பற்றுள்ளது யாதும் வெயில் தாங்கும் என்று எண்ணுதல் தவறு.

நமக்குரியன சதுரக்கள்ளி, திருகுகள்ளி, சோற்றுக்கற்றாழை, ஆனைக்கற்றாழை, பிரண்டை, கள்ளிமுளையான் முதலியன. சதுரக்கள்ளி வேலிக்கு மதில் போன்றது. சோற்றுக்கற்றாழை தலைகீழாய் வாயிலிற் கட்டித் தொங்கவிடினும் மண்ணும் நீருமின்றிப் பல திங்கள் உயிர்வாழ்வதை வீடுதோறும் காண்கின்றோம். ஆனைக்கற்றாழையை இருப்புப்பாதை ஓரங்களில் வேலியாக நட்டமையின் ‘ரயில் கற்றாழை’ என்றும் வழங்குவர். அதன் நார் கயிற்றுக்கு ஆகும். பிரண்டை துவையலாய் வயிற்றுக்கு நன்மை செய்வது. புதர்நிழலில் ஒடுங்கி வளரும் கள்ளிமுளையானை ஆடுமேய்ப்போர் பறித்துப் பச்சையாகவே மென்று பசியாறுவர்.

இவற்றோடு, சதைச்செடியெனச் சிறப்பித்துக் கூறப்படாததாயினும், வறட்சி தாங்குதலில் உடன்வைத்து எண்ணத்தக்கது கிளுவை. காங்கயம், தாராபுரம் பக்கங்களில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சூழ்ந்து காங்கயம் மாடுகளைக் காத்து நிற்கும் உயிர்வேலி இதுவே. கோடையில் இலையை உதிர்த்துத் துயின்று, முதல் மழையில் விழிக்கும். கிறிஸ்து பாலனுக்குச் சாஸ்திரிகள் காணிக்கையாகக் கொணர்ந்த வெள்ளைப்போளம் இக்கிளுவையின் இனத்தைச் சேர்ந்த மரத்தின் பிசினே. இத்தகைய வேலிகள் இன்று நாடோறும் வேரொடு பிடுங்கப்படுகின்றன. நிலம் மனையாகுந்தோறும் கற்கால் நட்டுக் கம்பி இழுக்கின்றனர். கம்பிவேலியில் எக்குருவி கூடுகட்டும்? ஓணானும் கீரியும் எங்கே ஒதுங்கும்? காற்றோடு செல்லும் புழுதியை எது தடுக்கும்? கம்பி துருப்பிடித்து வீழும். கிளுவையோ ஆண்டுதோறும் தடித்து வளரும்.

கள்ளியை எதிர்ப்போர் சப்பாத்திக்கள்ளியின் வரலாற்றைச் சான்றாகக் காட்டுவர். அது கேட்கத்தக்கதே. அமெரிக்காவில் தோன்றிய அச்செடியின்மேல் வாழும் ஒருவகைப் பூச்சியிலிருந்து விலையுயர்ந்த செஞ்சாயம் கிடைக்கும். அதனை இங்கே உண்டாக்கக் கருதிய கும்பினியார், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பாரைக்கொண்டு சென்னைச் சைதாப்பேட்டைப் பக்கத்தில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் அமைத்தனர். 1795இல் பிரேசில் தேசத்திலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியும் வந்தது. வந்தது உயர்ந்த சாயப்பூச்சியன்று, வேறோரினம். சாயம் தேறவில்லை, செடிதான் அழிந்தது. எனினும் 1836 முதல் 1838 வரை அப்பூச்சியையே தென்னாட்டிற்குக் கொணர்ந்து, பரவியிருந்த சப்பாத்திக்கள்ளியை அழிக்க ஏவினர். களையை ஒழிக்கப் பூச்சியை வேண்டுமென்றே ஏவியதில் உலகிலேயே இது முற்பட்டது என்பர். அப்பூச்சி தீண்டாத மற்றோரினம் பின்னர்ப் பரவி விளைநிலங்களையும் பாதைகளையும் கைக்கொண்டது. 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியை வருவித்த பின்னரே அதன் ஆட்சி ஒடுங்கியது.

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கது யாது? அயல்நாட்டுச் செடி யாவும் தீயது என்பதன்று. சோற்றுக்கற்றாழையும் ஆனைக்கற்றாழையும் கூடக் கடல்கடந்து வந்தனவே. பிறந்த ஊர் நோக்காது நடத்தையை நோக்குதல் வேண்டும். நட்ட இடத்தில் அடங்கி நிற்பது நல்ல குடி. எல்லை கடந்து பிறர் நிலம் கவர்வது விலக்கத்தக்கது. இலாபம் ஒன்றையே கருதி, ஆராயாது கொணர்ந்த மனிதரின் பிழைக்குக் கள்ளிக்குலம் முழுவதையும் தண்டித்தல் நீதியாகாது.

இதனினும் துயரமான தடை ஒன்றுண்டு. ‘கள்ளிப்பால்’ என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தே தமிழர் நெஞ்சம் நடுங்கும். பெண்ணாய்ப் பிறந்த குற்றத்திற்காகப் பச்சிளங் குழவிகளுக்கு அதனைப் புகட்டிய கொடுமை நம் நாட்டில் நிகழ்ந்தது. 1992ஆம் ஆண்டில் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசினர் தொடங்க நேர்ந்தது அக்கொடுமையாலேயே. ஆடுமாடு தன்னைத் தின்னாவாறு காத்துக்கொள்ளவே கள்ளி பாலைச் சுரந்தது. அதனைக் குழவியின் வாயில் வார்த்தது கள்ளியா? வெட்டியவனை விடுத்து வாளைத் தூக்கிலிடுவார் உண்டோ? கள்ளியை வேரறுத்தால் அப்பாவம் தீராது. பெண் மகவைச் சுமையெனக் கருதும் எண்ணத்தை வேரறுத்தாலே தீரும்.

வளர்க்கும் முறை எளிது. கள்ளியின் துண்டை வெட்டி, பால் வடிந்து புண் ஆறுமளவும் ஒரு வாரம் நிழலில் இட்டபின் நடுக. செம்மண்ணாயின் மணல் கலந்தால் அமையும். கரிசலாயின் மேடு அமைத்து நடுதல் இன்றியமையாதது. நீர் தேங்குமிடத்தில் இவை வாழா. வேர் ஊன்றியபின், மண் அடிவரை உலர்ந்தாலன்றி நீர் விடற்க. நிழலில் வளர்ந்த கன்றைத் திடீரென நண்பகல் வெயிலில் வைத்தால் தோல் வெந்துபோம். சிறிது சிறிதாகப் பழக்குக. கிளுவைப் போத்தை மழை தொடங்குங்கால் ஊன்றுக. கள்ளிப்பால் கண்ணிற்குக் கேடு செய்வதாதலின், சிறு பிள்ளைகள் விளையாடுமிடத்தில் கள்ளி நடுதல் ஆகாது. வெட்டுவோர் கையைச் சோப்பிட்டுக் கழுவுக. கண்ணிற் பட்டால் நிறைய நீர்விட்டுக் கழுவி மருத்துவரை அடைக.

முடிவாக எம் வேண்டுகோள் ஒன்று. நம் கல்லூரி நிலத்தில் நீர் எட்டாது வறண்டு கிடக்கும் மூலையொன்றை இச்செடிகளுக்கென ஒதுக்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகின்றோம். பழைய மாணவர் ஒவ்வொருவரும் அடுத்த கூட்டத்திற்கு வருங்கால் தத்தம் ஊர் வேலியிலிருந்து ஒரு போத்தோ கன்றோ கொணர்வாராக. ஒவ்வொன்றின் அடியிலும் அவ்வூரார் வழங்கும் தமிழ்ப்பெயரும் விஞ்ஞானப் பெயரும் பொறித்த பலகை நிற்கட்டும். வேலிகள் அழிந்தபின் அவற்றின் பெயர்களும் அழியும். பெயர்கள் அழிந்தபின் நம் பழஞ்செய்யுட்கள் குறிப்பிடுவது இன்னதென்று காட்டுதற்கும் ஆளிராது. செடியும் சொல்லும் ஒருங்கே நிலைபெற, செலவு சிறிதும் நீர் அதனினும் சிறிதும் வேண்டும் இம்முயற்சியை இவ்வாண்டு மழைக்கு முன்னரே தொடங்குவோமாக.