பாரெட் செய்தது சரியா?

அண்மையில் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவன் என்னிடம் வந்தான். "சார், ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்கிறீர்கள். அப்படியானால் மாக்கோ மட்டும் எப்படித் தீர்ந்துபோகும்?" என்று கேட்டான்.

மாக்கோ என்பது 'ஃபைனல் ஃபேன்டசி 7' என்னும் வீடியோ விளையாட்டில் வரும் கற்பனை ஆற்றல். இவ்விளையாட்டு 1997-ல் ஜப்பானில் வெளிவந்தது. இதன் கதையில் ஒரு கோளின் உள்ளே உயிராற்றல் ஓடுகிறது. உயிர்கள் அதிலிருந்து பிறக்கின்றன. இறந்ததும் அதிலேயே கலக்கின்றன. ஷின்ரா என்ற நிறுவனம் அதை உறிஞ்சி மின்சாரம் எடுக்கிறது. மிட்கார் நகரில் மட்டும் 8 உலைகள். கோள் சாகிறது என்று கூறி, பாரெட் என்பவனின் குழு முதல் உலையை வெடிவைத்துத் தகர்க்கிறது.

பாரெட்டின் அச்சம் நியாயமானதே. ஆற்றல் அழிவதில்லை, ஆனால் பயன்படாத நிலைக்கு மாறிவிடுகிறது. விளக்குக்குச் செலவான மின்சாரம் முடிவில் வெப்பமாகிச் சுற்றிலும் பரவிவிடும். அவ்வளவையும் திரட்டி மீண்டும் மின்சாரமாக்க முடியாது.

"அப்படியானால் அவன் செய்தது சரிதானே?" என்றான் மாணவன். இல்லை என்பதே என் கருத்து.

ஓர் உலை போனாலும் மீதி 7 உலைகள் ஓடுகின்றன. நகரின் மின்தேவையோ குறையவில்லை. ஆனால் வெடிப்பில் மக்கள் இறந்தனர். எத்தனை பேர் என்று கேட் சித் என்ற பாத்திரம் பின்னர் பாரெட்டிடம் கேட்கிறது. கோளைக் காக்கச் சிலர் இறப்பதைத் தவிர்க்க முடியாது என்கிறான் அவன். அந்தச் 'சிலர்' யார்? அவர்களை யாராவது கேட்டார்களா?

பாரெட்டின் கோபத்துக்குக் காரணம் உண்டு. அவன் ஊரான கோரல் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். ஷின்ராவை நம்பி அங்கே உலை அமைக்க அவனே வாதாடினான். நண்பன் டைன் எதிர்த்தான். பின்பு உலையில் வெடிப்பு நேர்ந்தது. ஷின்ரா ஊர் மக்கள்மேல் பழிபோட்டு ஊரையே எரித்தது. பாரெட்டின் மனைவியும் மாண்டாள். அன்று கோரல் மக்களின் உயிரை ஷின்ரா பொருட்படுத்தவில்லை. மிட்காரில் அதே தவற்றைத்தான் பாரெட்டும் செய்தான்.

2020-ல் வந்த புதிய வடிவத்தில் வெடிப்பைப் பெரிதாக்குவது ஷின்ராவே. இதனால் பாரெட்டின் பழி குறைகிறது. எனக்குப் பழைய கதையே பிடிக்கிறது; அங்கே அவன் தன் செயலுக்குத் தானே பதில் சொல்லியாக வேண்டும்.

"படை வைத்திருக்கும் ஷின்ராவிடம் மனுக் கொடுத்தால் கேட்குமா, சார்?" என்றான் மாணவன். கேட்காதுதான். இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆயினும் ஒன்று சொல்வேன். சோதனைச் சாலையில் அளவீடு சரியாக இருந்தாலும் கணக்கில் ஓர் உறுப்பை விட்டுவிட்டால் விடை தவறிவிடும். பாரெட் கோளைச் சரியாக அளந்தான்; மனிதர்களைக் கணக்கில் விட்டுவிட்டான்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? நண்பர்களுடன் விவாதித்துப் பாருங்கள்.