பழைய ஷேவிங் செட் திரும்ப வருமா?



நான் வகுப்பில் "பிளேடு போடுகிறேன்" என்று பின்பெஞ்சில் பேசிக்கொண்டது எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? இன்றைக்கு நிஜமாகவே பிளேடு பற்றித்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நியூஜெர்சியில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் கேட்டிருந்தார். "சார், இங்கே ஷேவிங் கார்ட்ரிட்ஜ் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. கடையில் நகை மாதிரி கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஆளைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லி வாங்க வேண்டியிருக்கிறது. எங்கள் அப்பா வைத்திருந்த, ரெண்டு பக்கமும் வெட்டுகிற பிளேடு போடும் பழைய செட்டைப் பெரிய கம்பெனிகள் மறுபடி கொண்டு வருமா?"

தம்பி, கொண்டு வந்தாயிற்று. 2020இல் 'கிங் சி. ஜில்லெட்' என்ற பெயரில் ஜில்லெட் கம்பெனியே ஒன்றைச் சந்தைக்கு விட்டது. தாடி எண்ணெய், தாடி டிரிம்மர் வரிசையில் பளபளவென்று ஒரு பழைய பாணி உலோக ரேசரும் இருந்தது. ஆனால் அது நீங்கள் கேட்கிற 'திரும்ப வருதல்' இல்லை. பரிசுப்பொருள் மாதிரி, ஒரு ஓரத்தில் ஒரு தட்டு. உங்கள் அப்பா காலத்தில் இருந்ததுபோல எல்லா வீட்டுக்குமான சாமானாக அதை அவர்கள் திருப்பிக் கொண்டு வரமாட்டார்கள் என்பது என் கட்சி. காரணம் அதன் வரலாற்றிலேயே இருக்கிறது.

கிங் கேம்ப் ஜில்லெட் என்பது அவருடைய முழுப்பெயர். 'கிங்' பட்டம் இல்லை, பெற்றோர் வைத்த பெயர்தான். விசித்திரமான மனிதர். வியாபாரப் போட்டியே கூடாது, உலகத்துக்கே ஒரே கம்பெனி போதும், எல்லோரும் நயாகரா அருவியின் மின்சாரத்தில் ஒரே பெரிய நகரத்தில் வாழலாம் என்று 1894இல் புத்தகமே எழுதியவர். 1901இல் பாஸ்டனில் கம்பெனி தொடங்கினார். காகிதம்போல மெல்லிய எஃகுத் தகட்டைத் தீட்டிக் கூர் ஏற்ற முடியாது என்று பலர் கைவிரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர்தான் அதற்கான இயந்திரங்களை உருவாக்கினார். 1903இல் விற்றது வெறும் 51 ரேசர், 168 பிளேடு. மறுவருடமே 90,000 ரேசருக்கு மேல் போனது. முதல் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு 35 லட்சம் ரேசர்கள் போயின. வீடு திரும்பிய சிப்பாய்களிடம் பழக்கமும் சேர்ந்தே திரும்பியது.

"ரேசரைச் சும்மா கொடு, பிளேடில் சம்பாதி" என்பது ஜில்லெட்டின் தந்திரம் என்று மேலாண்மை படித்த பிள்ளைகள் என்னிடம் சொல்வதுண்டு. அது சரியல்ல. சிகாகோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ராண்டல் பிக்கர் 2010இல் பழைய விலைகளைத் தேடி எடுத்து எழுதினார். 1904இல் வாங்கிய பேடன்ட் கையில் இருந்த காலம் ஏறக்குறைய முழுவதும் ரேசரின் விலை 5 டாலர். அன்றைக்கு ஒரு தொழிலாளியின் வாரச் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! 1921இல் பேடன்ட் காலாவதியாகி, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்ற நிலை நெருங்கியபோதுதான் விலை இறங்கியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டல் கழித்தல் எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

இப்போது நாம் பார்க்கும் பிளேடின் நடுவில் நீளவாக்கில் ஒரு வெட்டு இருக்கிறதே, அந்த வடிவம் 1930 வாக்கில் நிலைபெற்றது. ஆட்டோஸ்ட்ராப் என்ற கம்பெனியோடு நடந்த பேடன்ட் சண்டை, இரண்டு கம்பெனிகளும் ஒன்றாக இணைவதில் முடிந்த காலம் அது. அதற்குப் பிறகு அந்த ஓட்டை வடிவம் கிட்டத்தட்ட ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி ஆகிவிட்டது. ஜில்லெட் செட்டில் டோபாஸ் பிளேடு உட்காரும். ஜெர்மன் செட்டில் நம் ஊர் பெட்டிக்கடை பிளேடு உட்காரும். சைக்கிள் டியூப் மாதிரி, பல்ப் ஹோல்டர் மாதிரி.

வாங்குகிற நமக்கு அது வரம். விற்கிறவருக்கு எப்படி என்று 1962இல் தெரிந்தது. வாளும் தோட்டக் கத்திரியும் செய்துகொண்டிருந்த இங்கிலாந்தின் வில்கின்சன் ஸ்வார்டு கம்பெனி, துருப்பிடிக்காத எஃகில் பிளேடு போட்டது. பழைய பிளேடைவிடப் பல நாள் உழைத்தது. ஜனங்கள் புதிய ரேசர் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. கையில் இருந்த ஜில்லெட் ரேசரில் வில்கின்சன் பிளேடை மாட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். உலகத்தின் பெரிய கம்பெனி அரக்கப்பரக்க 1963இல் தன்னுடைய எஃகு பிளேடைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1971இல் இரண்டு பிளேடு சேர்ந்த கார்ட்ரிட்ஜ். 1990இல் சென்சார். 1998இல் மூன்று பிளேடுடன் மாக்3. 2006இல் ஐந்து பிளேடுடன் ஃபியூஷன். முகம் என்னவோ அதே முகம், தாடி அதே தாடி! ஒவ்வொரு முறையும் மாட்டும் இடம் மாறியது, பேடன்ட் புதிதானது. ஒருவர் செய்த தலை இன்னொருவர் கைப்பிடியில் உட்காராது. வசதிக்காகவும்தான் மாற்றினார்கள், மறுக்கவில்லை. ஆனால் பொதுக்கிணற்றை விட்டு வீட்டுக்குள் குழாய் போட்டு மீட்டர் வைத்தது போலத்தான் எனக்குத் தெரிகிறது.

2005இல் ஜில்லெட்டை பிராக்டர் அண்ட் கேம்பிள் சுமார் 5,700 கோடி டாலருக்கு வாங்கியது. 2019இல் அந்த மதிப்பிலிருந்து 800 கோடி டாலரைக் கணக்கில் குறைத்து எழுதியது. இளைஞர்கள் தாடி வளர்க்கிறார்கள், மலிவாகத் தபாலில் பிளேடு அனுப்பும் புதுக் கம்பெனிகள் வந்துவிட்டன. இந்த நிலையில் எந்தக் கம்பெனி தன் கார்ட்ரிட்ஜ் வியாபாரத்தைத் தானே அறுத்துக்கொள்ளும்?

எனக்கு வேடிக்கையாக இருப்பது நம் நாட்டுக் கதை. இந்தியாவில் கோடிக்கணக்கானவர்கள் ரெண்டு பக்க பிளேடில்தான் ஷேவ் செய்தார்கள். அவர்கள் வீடுகளுக்கே ஆளனுப்பிப் பார்த்தார்கள். குழாய்த் தண்ணீர் இல்லை, தரையில் உட்கார்ந்து, சின்னக் கண்ணாடி, ஒரு குவளைத் தண்ணீர், மங்கிய வெளிச்சம். அதற்கேற்ப 2010இல் 'ஜில்லெட் கார்டு' வந்தது. ரேசர் 15 ரூபாய், கார்ட்ரிட்ஜ் 5 ரூபாய், ஒரே ஒரு பிளேடு. நல்ல வடிவமைப்பு, வெட்டுக்காயம் குறைவு, சுலபமாக அலசலாம். ஆனால் கவனியுங்கள்: ஏழை நாட்டில் பொது பிளேடிலிருந்து ஆட்களைக் கார்ட்ரிட்ஜுக்கு இழுத்த அதே கம்பெனி, பத்து வருடம் கழித்துப் பணக்கார நாட்டில் அதே பழைய ரேசரைப் பாரம்பரியம் என்று சொல்லி விற்கிறது.

நம்மிடம் அந்த பிளேடு சாகாமல் இருப்பதற்குப் பெரிய காரணம் சலூன்காரர்கள். எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பிரச்சாரத்துக்குப் பிறகு "புது பிளேடு போடுங்க" என்று கேட்காத ஆள் இல்லை. பிளேடைக் காகிதத்தோடு வளைத்து இரண்டாக உடைத்து, பாதியை மடக்குக் கத்தியில் சொருகுவார்கள். ஒரு பிளேடு, இரண்டு வாடிக்கையாளர். அவர்கள் வாங்குகிற வரைக்கும் பெட்டிக்கடையில் பிளேடு தொங்கும். எந்தக் கம்பெனியின் பழமைப் பாசத்தையும்விட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

கார்ட்ரிட்ஜே கூடாது என்று சொல்லவில்லை. கை நடுங்குகிற வயதில் அது பாதுகாப்பு. படுக்கையில் இருப்பவருக்கு இன்னொருவர் ஷேவ் செய்துவிடுவதற்கென்றே 2017இல் 'ட்ரியோ' என்று ஒன்றைச் செய்தார்கள், அது நல்ல காரியம். விமானத்தில் கைப்பையில் தனி பிளேடு கொண்டுபோக விடமாட்டார்கள், கார்ட்ரிட்ஜை விடுவார்கள். அடிக்கடி பறக்கிறவர்கள் அதையும் யோசிக்க வேண்டும்.

ஆக, நியூஜெர்சி தம்பிக்கு: கம்பெனிக்காகக் காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அப்பாவின் செட்டைத் தேடி எடுங்கள். வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் சோப்புக் கறை போய்விடும். ஷேவ் செய்யும்போது அழுத்தாதீர்கள். கார்ட்ரிட்ஜ் பழக்கத்தில் கை தானாக அழுத்தும், ரத்தம் வருவது அதனால்தான். கைப்பிடியை முகத்திலிருந்து சுமார் 30 டிகிரி சாய்த்துப் பிடித்தால் ரேசரின் எடையே வேலையைச் செய்துவிடும். முதல் ஒரு வாரம் ஞாயிற்றுக்கிழமை நிதானத்தோடு செய்யுங்கள், ஆபீஸ் அவசரத்தில் வேண்டாம்.

பழைய பிளேடைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். பழைய அமெரிக்க வீடுகளில் குளியலறை அலமாரியில் சின்னப் பிளவு வைத்து, பிளேடைச் சுவருக்குள்ளேயே விழவிடுவார்களாம். வீட்டை இடிக்கும்போதுதான் குவியல் வெளியே வரும்! நமக்கு அது வேண்டாம். மூடி உள்ள ஒரு தகர டப்பாவில் துளை போட்டுச் சேர்த்து வையுங்கள். ஒரு டப்பா நிறையப் பல வருடம் ஆகும். நிறைந்ததும் மூடியை நன்றாக ஒட்டி, எழுதிக் கொடுங்கள். குப்பை பிரிக்கிறவர்கள் பாதிப்பேர் வெறும் கையால்தான் பிரிக்கிறார்கள்.

வீட்டில் தாத்தா காலத்து செட் வைத்திருப்பவர்கள் கமெண்டில் படம் போடுங்கள். 1950களுக்குப் பிறகு வந்த அமெரிக்க ஜில்லெட் செட் என்றால் தலைக்கு அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். எழுத்து ஆண்டைக் குறிக்கும், எண் அந்த ஆண்டின் காலாண்டை. எழுத்து தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் வைத்து எடுங்கள். எந்த வருடத்து செட் என்று பார்த்துச் சொல்கிறேன்.