கார் ஷெட்டில் ஒரு களம்

சாஃப்ட்பால் பிறந்ததே கூரைக்கு அடியில்தான்: 1887-இல், சிகாகோவின் ஃபாரகட் படகு மன்றத்தில். ஆகவே பனிக்காலத்தில் அமெரிக்கப் பெற்றோர் கார் ஷெட்டைக் காலி செய்து, மகள் பந்துவீசிப் பழக இடம் ஒதுக்குவதை மனதார வரவேற்கிறேன். கல்லூரி ஆட்டத்தில் வீச்சுத் தூரம் 43 அடி. அவ்வளவு நீளம் வீட்டில் ஏது? வேண்டியதும் இல்லை. மணிக்கட்டைச் சுண்டிப் பந்தை விடும் பயிற்சிக்குப் பத்தடியும், எதிரே தொங்கும் கனத்த வலையும் போதும். நீளத்தைவிட உயரமே முக்கியம்; கை தலைக்கு மேலே முழு வட்டம் சுற்றி வரவேண்டும், விளக்கிலோ ஷெட் கதவின் கம்பியிலோ இடிக்கக்கூடாது. ஒற்றைக் காலால் உந்தி முன்பாயும் வீச்சு இது. வழுக்கும் சிமெண்ட் தரையில் ரப்பர் விரிப்பு போடாமல் பிள்ளையை ஒருநாளும் வீசவிடாதீர்கள்.